குட்டைத் தண்ணீர் ஏன் கலங்குகிறது, எதைப் போட்டால் தெளியும்

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஆனேக்கல், கனகபுரா, மாலூர் பக்கமோ, எல்லையைத் தாண்டி தளி, தேன்கனிக்கோட்டை பக்கமோ ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கிப் போட்ட நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். போர்வெல்லை மட்டும் நம்ப முடியாது என்று தெரிந்ததும் அடுத்து எல்லாரும் செய்வது பண்ணைக்குட்டை வெட்டுவது. இங்கே கன்னடத்தில் கிருஷி ஹொண்டா என்பார்கள், ஜேசிபிக்காரரிடம் அப்படிச் சொன்னால் உடனே புரியும். மழை வந்து குட்டை நிரம்பும்வரை சந்தோஷம்தான். நிரம்பிய பிறகு தண்ணீர் செங்கல் நிறத்திலேயே நிற்கும், இல்லாவிட்டால் நாலைந்து மாதத்தில் பச்சைப் பசேலென்று ஆகிவிடும், சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும், உடனே வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வரும்: "இதுக்கு என்ன போடணும்?" ஒருத்தர் படிகாரம் என்பார், இன்னொருத்தர் மயில்துத்தம் (தாமிர உப்பு, காப்பர் சல்பேட்) என்பார், மூன்றாமவர் ஏதோ பாக்டீரியா பாட்டிலின் படத்தை அனுப்புவார். மூன்று பேரும் மூன்று வேறு நோய்க்கு மருந்து சொல்கிறார்கள், நோய் எது என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், நிறமில்லாதது, எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரம் மொள்ளாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி மொண்டு, மூடி, வெயில் படாத இடத்தில் ஆட்டாமல் ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வெறும் வண்டல், குட்டையையும் சும்மா விட்டால் தானாகத் தெளியும், ஏதோ ஒன்று அதைத் திரும்பத் திரும்பக் கலக்குகிறது என்றுதான் அர்த்தம். மறுநாளும் அப்படியே பால் கலந்த மாதிரி செம்மை மாறாமல் நின்றால் அது களிமண். பச்சையாக இருந்தால், அல்லது பச்சை மேலே மிதந்து ஏடு கட்டியிருந்தால், பாசி. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருந்து நிறம் மட்டும் பழுப்பாக இருந்தால் இலை தழை ஊறிய சாயம், டிக்காஷன் இறங்குவது போல. கரையில் யூகலிப்டஸ் நிற்கிற நிலங்களில் இதைப் பார்க்கலாம். இது பார்க்க அசிங்கமே தவிரப் பாசனத்துக்குக் கெடுதல் பெரிதாக இல்லை. உதிரும் இலையைக் குட்டையில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

களிமண் விஷயத்துக்கு வருவோம், நம் பக்கத்துச் செம்மண் நிலத்தில் முக்கால்வாசிப் புகார் இதுதான். மண்ணின் துகள் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்துத்தான் அது எவ்வளவு வேகமாக அடியில் உட்காரும் என்பது அமையும். 0.1 மில்லிமீட்டர் மெல்லிய மணல் பத்தடித் தண்ணீரைச் சில நிமிடத்தில் கடந்து அடிக்குப் போய்விடும். களி என்று சொல்வது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை. அந்த அளவில் இருக்கிற பெரிய துகளே அசைவில்லாத தண்ணீரில் ஒரு நாளைக்கு ஓர் அடிதான் இறங்கும், துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும். காற்று அடிக்கிற, மீன் திரிகிற குட்டையில் அது எப்போது உட்காரும்? போதாக்குறைக்கு இந்தத் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டிக் கட்டியாகிக் கனம் சேர்வதற்கு வழியே இல்லை.

படிகாரமும் ஜிப்சமும் செய்வது இந்தத் தள்ளலை நிறுத்துவதைத்தான். படிகாரத்தில் உள்ள அலுமினியத்துக்கு நேர்மின்னூட்டம் மூன்று, ஜிப்சத்தில் உள்ள கால்சியத்துக்கு இரண்டு. இந்த ஒரு எண் வித்தியாசம் நடைமுறையில் பெரிய வித்தியாசம், படிகாரம் கொஞ்சம் போதும், ஜிப்சம் பல மடங்கு வேண்டும். பொதுவாக 1000 லிட்டருக்குப் படிகாரம் 25 முதல் 50 கிராம், ஜிப்சம் என்றால் 100 முதல் 300 கிராம். (படிகாரம் என்று நான் சொல்வது தண்ணீர் சுத்திகரிப்புக்கு மூட்டையில் விற்கும் ஆலம், சலூனில் தேய்க்கிற கட்டி அல்ல. அதுவும் வேலை செய்யும், ஆனால் கணக்கு மாறும், விலையும் கட்டுப்படியாகாது.)

உங்கள் குட்டைக்கு எவ்வளவு என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். நாலு பாட்டிலில் ஒவ்வொரு லிட்டர் குட்டைத் தண்ணீர் எடுத்து, மருந்துக்கடை சிரிஞ்சால் அந்தக் கரைசலை ஒன்றில் 1 மில்லி, அடுத்ததில் 2, அப்புறம் 3, கடைசியில் 5 என்று விட்டு, நன்றாகக் கலக்கி, பிறகு மெதுவாகச் சுழற்றி, ஒரு மணி நேரம் வையுங்கள். இதில் 1 மில்லி என்பது குட்டையில் 1000 லிட்டருக்கு 10 கிராம் போடுவதற்குச் சமம். எந்தெந்தப் பாட்டிலில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு கீழே இறங்குகிறதோ அவற்றில் குறைந்த அளவே உங்கள் அளவு. அதிகம் போட்டால் அதிகம் தெளியும் என்று நினைக்க வேண்டாம், அளவு மீறினால் துகள்கள் மறுபடி பிரிந்து மிதக்கவும் செய்யும்.

இனி குட்டையில் எத்தனை லிட்டர் என்ற கணக்கு. மேல்விளிம்பு 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர், சரிவு ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே வருகிற மாதிரி வெட்டியிருந்தால் அடித்தளம் 11 மீட்டருக்கு 11 மீட்டர்தான் இருக்கும். நிறையப் பேர் 20 பெருக்கல் 20 பெருக்கல் 3 என்று போட்டு 12 லட்சம் லிட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது சுமார் 7.4 லட்சம் லிட்டர். 1000 லிட்டருக்கு 30 கிராம் என்றால் 22 கிலோ படிகாரம். இதையே 12 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 36 கிலோ கொட்டுவீர்கள், அங்கேதான் ஆபத்து.

என்ன ஆபத்து என்றால், படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும், அதாவது பிஎச் இறங்கும். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், அது தாங்கிக்கொள்ளும். மழைத் தண்ணீரை மட்டும் நம்பி நிரம்பிய செம்மண் குட்டையில் தாங்குவதற்கு ஒன்றுமில்லை, பிஎச் 6-க்குக் கீழே போனால் மீனுக்குச் சிரமம், இன்னும் இறங்கினால் அலுமினியமே மீனுக்கு விஷம். அதனால் பிஎச் பார்க்கும் தாள் ஒரு கட்டு வாங்கி, மேலே சொன்ன பாட்டில் சோதனையிலேயே பார்த்துவிடுங்கள். இறங்குகிறது என்றால் படிகாரத்தின் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவாக நீற்றிய சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், அதையும் கரைத்துத் தெளிக்க வேண்டும், கட்டியாகக் கொட்டக் கூடாது. மீன் விட்டிருக்கிற, கையைக் கடிக்காமல் நிதானமாகச் செய்ய நினைக்கிற முதல்முறைக்காரர்களுக்கு நான் ஜிப்சத்தைத்தான் சொல்வேன். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிற அதே ஜிப்சம், உரக்கடையில் கிடைக்கும், பிஎச்சை அசைக்காது. மேலே சொன்ன குட்டைக்கு 150 கிலோ, அதாவது மூன்று மூட்டையில் தொடங்கலாம். எதுவானாலும் காற்றில்லாத காலை நேரத்தில், வாளியில் கரைத்து, குட்டை முழுவதும் பரவலாகத் தெளியுங்கள். அன்று மோட்டார் போடாதீர்கள். தேற்றாங்கொட்டை, முருங்கை விதை பற்றியெல்லாம் கேட்பார்கள். இரண்டும் உண்மையிலேயே தெளியவைக்கும், குடத்துக்கும் தொட்டிக்கும். ஏழு லட்சம் லிட்டருக்கு விதை இடித்துக்கொண்டிருக்க முடியாது, அதோடு விதையின் சத்து தண்ணீரில் அழுகிப் பாசிக்குத் தீனியாகும்.

சரி, தெளிந்துவிட்டது. அடுத்த மழைக்கு மறுபடி செங்கல் நிறம். ஏனென்றால் மண் வருகிற வழி திறந்தே இருக்கிறது. குட்டையின் தண்ணீர் குட்டைக்கு வெளியே தீர்மானிக்கப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயமே. தண்ணீர் ஓடி வருகிற மேட்டு நிலத்தில் புல் இருக்கிறதா, வெறும் மண்ணா? உழவு சரிவுக்குக் குறுக்கே போகிறதா, சரிவோடு இறங்குகிறதா? கரை ஏறி மாடு உள்ளே இறங்குகிறதா? வருகிற வாய்க்காலில் குட்டைக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி, மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டி, தண்ணீர் அதில் விழுந்து வேகம் தணிந்து மேலாக வழிந்து குட்டைக்குப் போகிற மாதிரி செய்தால் மணலும் கனமான வண்டலும் அங்கேயே நின்றுவிடும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மண்வெட்டியால் அள்ளிப் போடலாம். ஆனால் களியை அந்தக் குழி பிடிக்காது, மேலே சொன்ன வேகக் கணக்கே அதற்குக் காரணம். களியை ஓரளவாவது பிடிப்பது புல். குழிக்கு மேலே பத்துப் பதினைந்தடி அகலத்துக்கு அடர்த்தியான புல்பட்டை விட்டு, அதன் வழியாகத் தண்ணீரைப் பரவலாக நடக்க விட வேண்டும். கரையில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், இந்த வேலைக்கு அதைவிட நல்ல செடி எனக்குத் தெரிந்து இல்லை. தண்ணீர் உள்ளே விழுகிற இடத்தில் கல் பதியுங்கள். இன்னொன்று, ஏப்ரல் மே கோடை மழையில் முதலில் ஓடி வருகிற தண்ணீர்தான் இருப்பதிலேயே அழுக்கு, மாதக்கணக்கில் காய்ந்த சாணமும் புழுதியும் அதில்தான் வரும். அதைக் குட்டைக்கு விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு மடை வைத்துக்கொண்டால் நல்லது. பெங்களூர்ப் பக்கம் பெருமழை செப்டம்பர், அக்டோபரில் இருக்கிறது, குட்டை நிரம்புவதற்கு அது போதும்.

இப்போது பச்சைத் தண்ணீர். பாசிக்கு வெயில் வேண்டும், அது பெங்களூரில் குறைவில்லை. அதற்குமேல் அது வளர்வதைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் பாஸ்பரஸ்தான், நல்ல தண்ணீர்க் குளங்களில் இதுதான் முதலில் தீர்ந்துபோகிற சத்து. ஒரு கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ ஈரப் பாசியை வளர்க்கும் என்று ஒரு கணக்கு வழக்கத்தில் சொல்வார்கள். 50 கிலோ டிஏபி உர மூட்டையில் பாஸ்பரஸ் 10 கிலோ இருக்கிறது. அதில் ஒரு பங்கு மழையில் அடித்துக்கொண்டு குட்டைக்கு வந்தாலும் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சாணம், கோழி எரு, பண்ணை வீட்டுக் குளியலறைத் தண்ணீர், சோப்பு எல்லாமே இதே வேலையைச் செய்யும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பெல்லந்தூர் ஏரியில் வீட்டுக் கழிவும் சோப்பு நுரையும் சேர்ந்து 2015 மே மாதம் நுரையே தீப்பிடித்தது, உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அதே ஊரில் ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த கழிவுநீரைக்கூட நேராக ஏரிக்குள் விடாமல், நாணலும் சம்பும் நிற்கிற ஒரு சதுப்பு வழியாக நடத்தி, மிச்சச் சத்தைச் செடிகள் எடுத்துக்கொண்ட பிறகு உள்ளே விடுகிறார்கள். உங்கள் குட்டையின் வாயிலில் ஒரு பத்தடிக்குச் சம்பு, கல்வாழை நட்டால் அதே ஏற்பாடுதான், சின்ன அளவில். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்தச் செடிகளை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வெட்டி வெளியே எடுத்துப் போட வேண்டும், அங்கேயே மடிந்து அழுகினால் எடுத்த சத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகாயத்தாமரைக்கும் இதே கதைதான், ஆனால் அதை வேண்டுமென்றே யாரும் விட வேண்டாம், இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும் செடியை அடக்க உங்களால் முடியாது. அசோலா என்ற மிதக்கும் குட்டிச் செடி வந்தால் வலையால் வாரி மாட்டுக்குப் போடுங்கள், சத்து வெளியே போகிறது, மாட்டுக்கும் தீவனம்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாக்கள் பற்றி என் அபிப்பிராயம்: அடியில் கிடக்கிற சேற்றை மக்கவைக்க ஓரளவு உதவலாம், ஆனால் பாஸ்பரஸை எந்தக் கிருமியும் இல்லாமல் ஆக்க முடியாது, அது ஓர் உருவிலிருந்து இன்னோர் உருவுக்கு மாறும், குட்டையிலேயேதான் கிடக்கும். காசு இருந்தால் அந்தக் காசில் வேலி போட்டு மாட்டை வெளியே நிறுத்துங்கள், குட்டையிலிருந்து குழாய் போட்டுக் கரைக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி இழை இழையாகத் தொங்கினால் இழைப்பாசி, குழாயை அடைக்கும், வேறு விஷம் இல்லை, வாரி எடுத்துவிடலாம். பச்சைப் பெயின்டில் முக்கி எடுத்த மாதிரி குச்சியில் பூசிக்கொண்டு வந்தால், அதுவும் காற்று ஒதுக்குகிற மூலையில் ஏடாகத் திரண்டு நாறினால், நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இதில் சில வகை ஈரலைத் தாக்கும் விஷத்தைச் சுரக்கும். ஆடு மாடு நாய் எதையும் அந்தத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள், காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது, கீரைக்கு மேலே தெளிக்கவும் வேண்டாம்.

அப்போது எல்லாருக்கும் கை போவது மயில்துத்தத்துக்குத்தான். பாசியைக் கொல்லும், சந்தேகமில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் மீனையும் சேர்த்துக் கொல்லும். செத்த நீலப்பச்சைப் பாசி உள்ளே வைத்திருந்த விஷம் முழுவதையும் ஒரேயடியாகத் தண்ணீரில் விட்டுவிடும். தாமிரம் அடிச்சேற்றில் வருடக்கணக்கில் தங்கும், அந்தச் சேற்றை அள்ளி வயலில்தான் போடப்போகிறீர்கள். இதெல்லாவற்றையும்விட, செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். தொடக்கக்காரர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

ஆக்சிஜனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.5 தான். பகலில் பாசி ஆக்சிஜனை விடும், இரவில் அதுவே இழுக்கும். அதனால் பச்சைக் குட்டையில் விடியற்காலைதான் மோசமான நேரம், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி அல்ல, மூச்சுத் திணறல். நான் இருக்கும் அல்சூர்ப் பக்கத்து ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன, கழிவும் வெயிலும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தால் நடப்பது அதுதான். பண்ணைக் குட்டையில் ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி, வைப்பதாக இருந்தால் மேலே பீச்சுகிற ஃபவுன்டனைவிட அடியில் குமிழி விடுகிற வகை நல்லது, மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலந்து, அடியில் ஆக்சிஜன் இல்லாமல் சேற்றிலிருந்து பாஸ்பரஸ் கசிவது குறையும். நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓடினால் போதும், மத்தியானம் ஓட்டிக் கரென்ட் பில் கட்டத் தேவையில்லை.

மீன் விடலாமா என்றால், எதற்குக் குட்டை என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீன் வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே சாணம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்குவார்கள், அந்தப் பச்சைதான் மீனுக்குச் சாப்பாடு. சொட்டுநீருக்குத் தெளிந்த தண்ணீரும் வேண்டும், கிலோ கணக்கில் மீனும் வேண்டும் என்றால் இரண்டும் ஒத்துவராது. கொசுவுக்காகக் கொஞ்சம் விடலாம், தீவனம் போடாமல். சாதாக் கெண்டை மட்டும் வேண்டாம், அடிச்சேற்றைக் கிளறித் தின்பது அதன் பழக்கம், நீங்கள் மூன்று மூட்டை ஜிப்சம் போட்டு உட்காரவைத்த களியை அது எழுப்பிவிடும். நீர்ச்செடி அதிகம் என்றால் புல்கெண்டை நாலைந்து போதும்.

தெளிவு கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணால் பார்த்து ஞாபகம் வைப்பது நடக்காது. 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டை எடுத்து நாலாகப் பிரித்துக் கறுப்பு, வெள்ளை மாற்றி மாற்றி அடித்து, நடுவில் கயிறு கட்டி, கீழே ஒரு கனம் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் மறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிச் செய்து பார்த்த முறை, இன்றைக்கும் ஏரி ஆய்வுக்காரர்கள் பயன்படுத்துவது இதைத்தான். ஓர் அடிக்குள்ளேயே மறைந்து தண்ணீரும் பச்சையாக இருந்தால் பாசி மிஞ்சிவிட்டது.

மோட்டாரின் ஃபுட் வால்வை, அதாவது உறிஞ்சு குழாயின் வாயை, அடியில் போட்டுவிட்டு ஃபில்டர் அடைக்கிறது என்று புலம்புபவர்கள் உண்டு. மூடிய 20 லிட்டர் கேனை மிதக்கவிட்டு அதிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி கீழே உறிஞ்சு குழாயின் வாயைத் தொங்கவிடுங்கள். மேலே பாசி ஏடு, கீழே சேறு, இரண்டுக்கும் நடுவில் எடுக்கலாம். குட்டைத் தண்ணீருக்கு டிஸ்க் ஃபில்டர் மட்டும் போதாது, அதற்கு முன்னால் மணல் ஃபில்டர் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் களித் தொல்லை குறைவு, பாசித் தொல்லை அப்படியே இருக்கும், அந்தப் பாசி தாளின் மேல் படிந்து எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். உள்ளே விழுந்த ஆளால் நீச்சல் தெரிந்தாலும் ஏறி வர முடியாமல் போகிறது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க வேண்டும், சுற்றி வேலி வேண்டும், குழந்தைகள் வார இறுதிக்கு வருகிற பண்ணை என்றால் தண்ணீர் விடுவதற்கு முன்பே வேலி போட்டாக வேண்டும்.

மண்குட்டை என்றால் ஏப்ரல், மே மாதம் தண்ணீர் வற்றும்போது தூர் வாருங்கள். அடியில் சேர்ந்த கறுப்புச் சேற்றில்தான் இத்தனை வருடப் பாஸ்பரஸும் கிடக்கிறது, வயலுக்குப் போனால் உரம். ஜேசிபிக்காரரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். கறுப்புச் சேறு முடிந்து கெட்டியான களிப்படை தெரிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் கீழே இறங்காமல் காப்பது அந்தப் படைதான், அதைச் சுரண்டிவிட்டால் அடுத்த வருடம் குட்டையில் தெளியவைக்கத் தண்ணீரே நிற்காது.